அப்பளசாமிக்கு ஏற்ற அச்சு

அப்பளசாமி மறுபடியும் அடியில் போய்ப் படுத்துவிட்டார். வெளியே தெரிந்தவை அவருடைய இரண்டு கால்களும் நீலவார் சிலிப்பரும்தான். ரவாங் போகும் சாலையோரத்துப் பழைய இரும்புக் கடையில், மரக்கட்டைகளின்மேல் தூக்கி வைத்திருந்த ஒரு காரின் பின் அச்சின் கீழே அவருடைய வலது கை மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது. அச்சின் நடுவில் பூசணிக்காய்போல் புடைத்திருக்கும் பல்சக்கரக் குடத்தின் மூக்கை அவர் சுற்றுவார். சக்கரம் மாட்டும் இடத்தில் சாக்கட்டியால் இழுத்த கோடு மெல்ல நகர்ந்து ஒரு வட்டம் அடித்துத் திரும்பும். மூக்கு எத்தனை சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று வருகிறது என்று வாய்விட்டு எண்ணுவார். எண்ணி முடித்ததும் நம்பமாட்டார். மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

"மாமா, அதே கணக்குதான் வரும். இரும்பு என்னா, மனச மாத்திக்குமா?" என்றான் சேது.

"இரு மச்சான். கைக்குப் பழகணும்ல."

சேது தன் லோரியின் நிழலில் நின்றுகொண்டிருந்தான். வந்தபோது அவனை முழுசாக மூடியிருந்த நிழல் இப்போது முழங்காலுக்குக் கீழே இறங்கிவிட்டது. கடை முதலாளியான தவுக்கே ஆரம்பத்தில் டார்ச் லைட்டோடு அப்பளசாமியின் பின்னாலேயே சுற்றியவர்தான். பிறகு டார்ச்சை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். இப்போதெல்லாம் லோரி உள்ளே நுழைவதைக் கண்டாலே பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்கிறார்.

சுற்றி முடித்த பிறகு எண்ணெய்ப் பரீட்சை. குடத்தின் மூடியைத் திறந்து விரலை உள்ளே விட்டு, கறுத்த எண்ணெயைக் கட்டைவிரலால் தேய்த்து வெயிலில் காட்டுவார். மினுமினுப்பு இருந்தால் பல் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். மினுமினுப்பு இல்லாவிட்டால் மோந்து பார்ப்பார்.

"வாசன சரியில்ல."

"கியர் எண்ணெயில என்னா மாமா வாசன? பிரியாணியா?"

"சூடேறிப்போன பல்லுக்கு ஒரு வாசன இருக்கு லா. ஒனக்குத் தெரியாது." விரலைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்து, முதுகுத் தூசியைத் தட்டிவிட்டு, சேது பயந்துகொண்டிருந்ததையே சொன்னார்: "இன்னும் ஒன்னு பாத்துட்டு முடிவு பண்ணிருவோம்."

அப்பளசாமி சேதுவுக்கு அக்காள் புருஷன். கோலா சிலாங்கூர் வட்டாரத்தில் ஸ்கூல் பஸ் அப்பளசாமி என்றால்தான் ஆளைத் தெரியும். விடியுமுன் புறப்பட்டு, புக்கிட் ரோத்தானைச் சுற்றியுள்ள தோட்டங்களில் தொழிலாளர் லயத்துக்கு லயம் நின்று பிள்ளைகளை ஏற்றித் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிடுவது அவருடைய பிழைப்பு. முட்டைக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடப்பவரைப்போல் பஸ் ஓட்டுவார். செம்பனைக் குலை ஏற்றிய டிராக்டர் அவரை முந்திப் போகும். தோட்ட வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சைக்கிளில் முந்திப் போவார். கடைசி வரிசைப் பிள்ளைகள், "ஐயா, பின்னால ஆமை ஹாரன் அடிக்குது, வழி விடுங்க!" என்று கத்தும். அவர் கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பார். கால் மட்டும் அழுந்தாது.

அப்படிப்பட்டவரின் வீட்டுக்குப் பின்னால், தகரக் கொட்டகையில் நிற்பதுதான் அந்தக் காடி. இரண்டு கதவு, பழைய ஜப்பான் வண்டி, பழுத்த பப்பாளி நிறம். பார்த்தால் பள்ளி ஆசிரியர் யாரோ காய்கறி வாங்கப் பாசாருக்கு ஓட்டிப்போகும் வண்டி என்றுதான் தோன்றும். பானெட்டைத் திறந்தால்தான் விஷயம் தெரியும். ஜப்பானிலிருந்து முன்பாதி மட்டும் வெட்டிக் கப்பலேற்றி அனுப்பும் கார்களில் ஒன்றிலிருந்து, ஓட்டப் பந்தயக்காரர்கள் தேடுகிற இரண்டு லிட்டர் எஞ்சினைக் கிள்ளானில் பிடித்துக் கொண்டுவந்து உள்ளே திணித்து வைத்திருந்தார். லீவு நாளில் தஞ்சோங் காராங் பக்கம், வயல்களுக்கு நடுவே ஆளில்லாத நேர் ரோடாகப் பார்த்து ஒரே ஒரு முறை முழுசாக மிதிப்பார். அதன்பின் ஒரு வாரத்துக்கு முகத்தில் கல்யாணக் களை இருக்கும்.

ஏன் இந்த வேலை என்று சேது ஒருமுறை கேட்டதற்கு, "பஸ்ஸுல கால அடக்கி அடக்கி வலிக்குது மச்சான். எங்கயாச்சும் ஒரு எடத்துல நீட்டணும்ல?" என்றார்.

எஞ்சினை மாற்றியவர் பின் அச்சை மாற்றவில்லை. சின்ன எஞ்சினுக்காகச் செய்த அச்சு அது. அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சுமக்கிற மட்டும் சுமந்தது. போன வருஷம், எண்பத்தாறில், கோலா குபு பாருவில் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது பத்தாங் பெர்ஜுந்தை தாண்டியதும் கைவிட்டுவிட்டது.

அன்று அவர் மனைவி, சேதுவின் அக்காள் லீலாவதி பட்டுப்புடவை கட்டி, ஆப்பிள் அடுக்கிய சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். முதலில் பார்த்தது அவள்தான். ரோட்டோரப் புல்லை ஒட்டி ஒரு சக்கரம் தனியாக, நிதானமாக, அவர்களை முந்திக்கொண்டு உருண்டு போனது.

"என்னாங்க, யாரோட டயரு அது, நமக்கு முன்னால ஓடுது?"

"யாரோடதோ" என்று அப்பளசாமி சொல்லி வாயை மூடுவதற்குள் அவள் பக்கத்துப் பின்பாதி தரையில் உட்கார்ந்தது. இரும்பு தாரில் உரசித் தீப்பொறி பறக்க, வண்டி எதிர்ப்பக்கத்துக்கு இழுத்துப் போனது. எதிரே வந்த மண் லோரி ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு ஒரு முழ இடைவெளியில் ஒதுங்கிப் போனது. வாய்க்கால் கரையில் காடி நின்றபோது உள்ளே ஆப்பிள்கள் இன்னும் உருண்டுகொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் அந்தச் சக்கரத்தைக் கன்றுக்குட்டியை ஓட்டி வருவதுபோல் தட்டி உருட்டிக்கொண்டு வந்து, "இனி தாயர் அவாக் பூன்யா கா?" என்று கேட்டார். உங்களுடைய டயரா என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

லீலாவதி கத்தவில்லை. ஆப்பிள்களைப் பொறுக்கித் துடைத்து அடுக்கினாள். அடுத்து வந்த பஸ்ஸை நிறுத்தி ஏறிக் கல்யாணத்துக்குப் போய்விட்டாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அப்பளசாமி பிழைத்திருப்பார். திட்டவே இல்லை. அச்சுக்குள் ஒடிந்திருந்த ஷாஃப்டை மாற்றி ஓட்டிக் காட்டி, "ஏறு லீலா, சரியாயிருச்சி" என்றபோது, "பரவால்லிங்க, பஸ்ஸு வந்துரும்" என்றாள். பாசாருக்குப் பஸ். கோயிலுக்குப் பஸ். தன் பெரியம்மாவைப் பார்க்க அம்பாங் பெச்சா போவதற்கும் பஸ் மாறி மாறிப் போனாள். அவரும் ஒருநாள் அவள் பின்னாலேயே ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்து போனார். இருவரும் போகும் வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்தார்கள்.

அப்படிப் போய்வந்த வாரமே காடியைக் கட்டைமேல் ஏற்றினார். செலவுக்கு மோட்டார் சைக்கிளை விற்றார். தேட ஆரம்பித்தார்.

தேடுவதில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. நல்ல அச்சைப் பார்ப்பதற்கு முன்னால் உடைந்ததைப் பார்க்க வேண்டும் என்பார். லோரிக்காரர்களிடம் கெஞ்சி ஒடிந்த ஷாஃப்டுகளை வாங்கி வந்து, ஒடிந்த முகத்தைத் துணியால் துடைத்துவிட்டு ரொட்டியைப் பிட்டுப் பார்ப்பதுபோல் உற்றுப் பார்ப்பார். "இது மெதுவா மெதுவா ஒடைஞ்சது. இது ஒரே அடி." வீட்டு வாசலில் அவை குவிந்தன. லீலாவதி ஒன்றும் சொல்லாமல் அவற்றை அடுக்கி அதன்மேல் ஆர்க்கிட் தொட்டிகளை வைத்துவிட்டாள்.

இதில் சேது மாட்டிக்கொண்டதற்குக் காரணம், அவனிடம் ஒரு லோரியும் ஒரு வெல்டிங் பட்டறையும் இருந்ததுதான். கோலா சிலாங்கூரில் ஆற்றுப் பாலத்துக்குப் போகிற வழியில் ஜன்னல் கிரில், கேட், கோழிக்கூண்டு என்று செய்து பிழைப்பவன். வீடு கட்டுவதே குறைந்துபோன வருஷம் அது. வருகிற வேலையை விடக்கூடாது. பட்டறையிலோ கால் வைக்க இடமில்லை. காடியைச் செய்த அதே கம்பெனியின் பெரிய காரிலிருந்து கழற்றிய அச்சு ஒன்று. அளவு சரியாக உட்கார்ந்தது; ஆனால் ஷாஃப்ட் பழையதைவிட ஒரு நூல்தான் தடிமன். "இதுக்கு அதுவே தேவல" என்று ஒதுக்கிவிட்டார். பிறகு ஒரு வோல்வோ அச்சு வந்தது. யானையைக் கட்டி இழுக்கலாம். தூக்கிப் பார்த்துவிட்டு, "இதப் போட்டா காடி வாலத் தொங்கப் போட்டுக்கும்" என்றார். அதையும் பட்டறையில் இறக்கியாகிவிட்டது. அப்புறம் பிக்கப் வண்டியின் அச்சு. நல்ல கனம், தடித்த ஷாஃப்ட். ஆனால் இரண்டு பக்கமும் ஒரு சாண் அகலம் அதிகம், பல் கணக்கும் சுமை இழுக்கிற கணக்கு. நெடுஞ்சாலையில் எஞ்சின் அலறும். பல்லை மாற்றிவிடலாம், அகலத்தை வெட்டிவிடலாம் என்று சேது சொன்னான். "வெட்டலாம்தான்" என்றார் அப்பளசாமி. அந்தத் ‘தான்’ எத்தனை வாரம் இழுக்கும் என்று சேதுவுக்குத் தெரியும்.

பாசிர் பெனம்பாங்கிலிருந்து ஒரு மீன் தவுக்கே ஐஸ் பெட்டிக்கு இரும்புச் சட்டம் செய்யச் சொல்லியிருந்தார். வந்து வந்து பார்த்தவர், கடைசியாக அச்சுகளைத் தாண்டித் தாண்டி உள்ளே வந்து, நீ லோரிக் கடை வைத்துவிட்டாயா என்று கேட்டுவிட்டு, வேலையை வேறு பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டார்.

அதற்கு மறுநாள்தான் சேது வெடித்தான். பிக்கப் அச்சையே வெட்டிப் போடுவது என்று ஒருவழியாக முடிவாகியிருந்தது. சாக்கட்டிக் கோடு போட்டாயிற்று. கேஸ் தீயைப் பற்றவைத்து, நீல நாக்கைச் சரிசெய்து, கண்ணாடியை முகத்தில் இறக்கினான். கோட்டுக்கு ஒரு விரல் தூரத்தில் தீ இருக்கும்போது அப்பளசாமி கையைத் தூக்கினார்.

"இரு மச்சான்."

சேது தீயை அணைத்தான். கண்ணாடியைக் கழற்றி வோல்வோ அச்சின்மேல் எறிந்தான்.

"மாமா, எங்க அக்காவப் பொண்ணு பாக்க வந்தப்ப, ஒரு தே தண்ணி ஆறுறதுக்குள்ள சரின்னு சொன்னீங்க. இது வெறும் இரும்பு. இதுக்கு ஒரு வருசமா?"

அப்பளசாமி கொஞ்சம் யோசித்தார். "ஒங்க அக்காவப் பாத்தவொடனயே தெரிஞ்சிருச்சி லா. ஒடையாதுன்னு."

"வேணாம் மாமா, வெளையாடாதீங்க. நாளைக்கு இது அம்புட்டையும் பழைய இரும்புக்குத் தூக்கிப் போட்றேன். இனிமே பொறுக்க முடியல, தஹான் பண்ண முடியல. என்னாதான் வேணும் ஒங்களுக்கு? அதச் சொல்லுங்க மொதல்ல!"

அவர் சேதுவின் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்துப் போனார். பட்டறை வாசலில் அவருடைய பஸ் நின்றது. டூல் பெட்டியைத் திறந்து ஸ்பேனரை எடுத்தார். பின் சக்கரத்தின் நடுவில் வட்டமாக இருந்த நட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பிறகு இரண்டு கையாலும் பிடித்து அசைத்து இழுக்க, சக்கரத்தின் வயிற்றுக்குள்ளிருந்து நீண்ட ஷாஃப்ட் எண்ணெய் சொட்டச் சொட்ட உறையிலிருந்து கத்தி வருவதுபோல் வெளியே வந்தது. அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு பஸ்ஸைக் காட்டினார்.

"இப்ப இது விழுந்திச்சா?"

பஸ் விழவில்லை. சக்கரம் அப்படியே நின்றது. சேதுவுக்குத் தெரியாத சங்கதி அல்ல அது. சின்னக் கார்களில் சக்கரம் ஷாஃப்டின் நுனியிலேயே பூட்டியிருக்கும். ஷாஃப்ட் ஒடிந்தால் சக்கரமும் கூடப் போய்விடும். பஸ்ஸிலும் பெரிய லோரியிலும் சக்கரம் வெளிக்குழாயின்மேல் உட்கார்ந்திருக்கும். ஷாஃப்ட் நடுவில் நுழைந்து சுற்றிவிடுகிறது, அவ்வளவுதான். அது ஒடிந்தால் வண்டி நகராது. ஆனால் நிற்கும்.

"ஒடையாத ஷாஃப்டுன்னு ஒன்னு ஒலகத்துல இல்ல மச்சான். அம்புட்டு ஒடைசலயும் பாத்துட்டேன். எல்லாம் ஒருநாளு ஒடையும்." அவர் குரல் இறங்கியது. "ஒடையட்டும். சக்கரம் ஓடிப் போவக்கூடாது. அன்னிக்கு அது முன்னால போனத அவ பாத்தா. பாத்துட்டு, யாருதுன்னு என்னத்தான் கேட்டா."

சேதுவுக்குக் கோபம்தான் வந்தது. "இத மொத நாளே சொல்லியிருந்தா நானு இம்புட்டு இரும்பு சொமந்திருப்பேனா?"

"மொத நாளு எனக்கே தெரியாது லா" என்றார் அப்பளசாமி.

கோலாலம்பூரில், ஜாலான் ஈப்போவில் உள்ள ஒரு பந்தயச் சாமான் கடையில், சேதுவே போய் நின்று விசாரித்தான். ஆஸ்திரேலியாவில் மண்தரையில் கார்ப் பந்தயம் விடுகிறவர்களுக்காகச் செய்யும் சாமான் ஒன்று இருந்தது. பிக்கப் அச்சின் இரண்டு நுனியையும் வெட்டிவிட்டு இதைப் பற்றவைத்தால் சக்கரம் பஸ்ஸில்போல வெளிக்குழாயின்மேல் உட்காரும். தடித்த ஷாஃப்டும் கூடவே வரும். அதைத் தருவிக்கச் சொல்லிவைத்தார்கள். கப்பலில் வருவதற்குள், அது சரியாக வருமா, வேறு ஊர்க்காரன் செய்தது ஏதாவது இருக்குமா என்று அப்பளசாமி கேட்டுக்கொண்டே இருந்தார். சேது பதில் சொல்வதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு தடவையும் சுத்தியலை எடுத்து எதையாவது அடித்தான்.

பெட்டி வந்தது. பிக்கப் அச்சுக்குள் வேறு பல்லைப் போட்டு, சேது அளந்து, வெட்டி, நீளக் குழாயை ஊடே விட்டு நேர் பார்த்துப் பற்றவைத்தான். நல்ல பற்று. காசு அடுக்கிச் சாய்த்ததுபோல் வரிவரியாக வந்திருந்தது. தே குடிக்கப் போனவன் பாதி கிளாஸை வைத்துவிட்டுத் திரும்பி வந்தான். அக்காள் இதன்மேல்தான் உட்காரப் போகிறாள் என்ற நினைப்பு வந்துவிட்டது. அந்தப் பற்று முழுவதையும் அரைத்து எடுத்துவிட்டு மறுபடி வைத்தான். அதையும் சுத்தியலால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டான்.

"போதும் லா மச்சான்" என்றார் அப்பளசாமி, சுவரில் சாய்ந்தபடி. "எம்புட்டு நேரம்!"

சேது திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் வாசலுக்குப் போய்விட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காடி கட்டையிலிருந்து இறங்கி வாசலில் நின்றது. லீலாவதி பாசாரிலிருந்து பையோடு வந்தாள். அப்பளசாமி எதையோ துடைப்பதுபோல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சேதுதான், "அக்கா, ஒரு தடவ ஏறிப் பாரேன்" என்றான்.

அவள் பையை இறக்கி வைத்தாள். தன் பக்கத்துப் பின் சக்கரத்தின் அருகே போய்ச் சிலிப்பர் காலால் ஓர் உதை விட்டாள்.

"யாருடா பத்த வச்சது?"

"நாந்தான்க்கா."

"அப்ப நீயும் ஏறு."

சேது பின் இருக்கையில், நேரே அச்சின்மேல், முழங்கால் முகவாயில் இடிக்கச் சுருண்டு உட்கார்ந்தான். புறப்பட்டார்கள். லீலாவதியின் ஒரு கை தலைக்கு மேலிருந்த பிடியில், இன்னொரு கை டேஷ்போர்டில். தஞ்சோங் காராங் பக்கம் வயல் ரோட்டுக்கு வந்தும் அப்பளசாமி காலை அழுத்தவில்லை. நேர் ரோடு, ஆளில்லை, வெயில் சாய்வாக நெல்லின்மேல் விழுந்துகொண்டிருந்தது. சேதுவுக்கு மறுபடி எரிச்சல் மூண்டது. இத்தனை பாடும் இதற்குத்தானா?

"மிதிங்க" என்றாள் லீலாவதி.

"இப்ப எதுக்கு லீலா? பொறவு பாத்துக்கலாம்."

"ஒடையிறதா இருந்தா நானு இருக்கிறப்பவே ஒடையட்டும். நீங்க தனியா போவையில ஒடைஞ்சி, யாராச்சும் வீட்டுக்கு வந்து எனக்குச் சொல்ல வேணாம்."

அப்பளசாமி அவளைத் திரும்பிப் பார்த்தார். ஒரு வருஷமாக அவள் தன் உயிருக்குப் பயந்தாள் என்று அவர் நினைத்திருந்தார்; அவள் பயந்தது அவர் உயிருக்கு. கியரை இறக்கி, காலை நீட்டினார்.

சேதுவின் முதுகு சீட்டுக்குள் புதைந்தது. எஞ்சின் எழுப்பிய ஓசையில் கொக்குகள் கூட்டமாகக் கிளம்பின. அவனுக்குக் கீழே, அவன் இரண்டு முறை பற்றவைத்த இரும்பு முறுகி, தாங்கி, மொத்த வண்டியையும் தூக்கி எறிவதுபோல் முன்னால் தள்ளியது. அவன் எல்லாச் சாமியையும் கும்பிட்டான். ரோடு முடிகிற பாலம் கண்ணுக்குத் தெரிந்ததும் அப்பளசாமி காலை எடுத்தார். வேகம் வடிந்தது. சக்கரங்கள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

கொஞ்ச தூரம் போனதும் அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்தார்.

"மச்சான், பின்னால லேசா ஒரு சத்தம் கேக்குதில்ல? பல்லு கொஞ்சம் நெருக்கமா பட்டிருக்குமோ? அந்த வோல்வோவ ஒருவாட்டி…"

பின்னாலிருந்து சேது வாயைத் திறந்தான். அதற்குள் லீலாவதி தலைக்கு மேலிருந்த பிடியை விட்டாள். டேஷ்போர்டிலிருந்த கையையும் எடுத்தாள். துருவேறிச் சுற்ற மறுத்த ஜன்னல் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினாள். கண்ணாடி திக்கித் திக்கி முழுசாகக் கீழே இறங்கியது. வயல்காற்று வண்டிக்குள் புகுந்து காதை அடைத்தது.